தார்ப்பாய் வேண்டாம், வலை போதும்: தை, மாசிக் காற்றில் மாடித் தோட்டமும் வீட்டுப் பிராணிகளும்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: காட்பாடியில் வீடு. மொட்டை மாடியில் முப்பது பைகளில் கறிவேப்பிலை, கத்தரி, மிளகாய், ரோஜா, மல்லி. கீழே ஒரு முருங்கையும் குலை தள்ளிய வாழையும். குட்டி போட்ட நாட்டு நாய் ஒன்று, பூனை ஒன்று, நாலைந்து நாட்டுக்கோழி, கூண்டில் லவ் பேர்ட்ஸ். தை பிறந்ததிலிருந்து இலை ஓரம் கருகுகிறது, கறிவேப்பிலை கொட்டுகிறது, கோழிக்குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. மாடியையும் கூண்டையும் தார்ப்பாய் போட்டு மூடிவிடலாமா?

மூடாதீர்கள். செடிக்கும் சரி, கோழிக்கும் சரி, இந்தப் பருவத்தில் செய்யும் பெரிய தப்பு அதுதான். காற்றின் வேகத்தை உடைக்க வேண்டும், காற்றையே அடைக்கக் கூடாது. கீழே சொல்வதில் பாதி இந்த ஒன்றிலிருந்தே வருகிறது.

முதலில் நம் ஊர்த் தை, மாசி எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, சுற்றிலும் பாறை மலை. மழை நின்று வானம் வெளுத்ததும் தரையும் பாறையும் ராத்திரியில் சீக்கிரம் சூட்டை விட்டுவிடும். ஜனவரி விடியலில் 17, 18 டிகிரி. அதே நாள் மதியம் 30ஐத் தொடும். பிப்ரவரி கடைசியில் மதியம் 34, 35 சாதாரணம். விடியற்காலையில் காற்று அசையாமல் பனி இறங்கும், வெயில் ஏறிப் பத்து மணி ஆனதும் வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று கிளம்பும். இலை காலையில் நனைந்து கிடக்கும், பகலில் உலர்ந்து போகும். இலைமேல் வெள்ளைப் பொடி படியும் சாம்பல் நோய்க்கும், இலைச் சாற்றை உறிஞ்சும் செம்பேனுக்கும் ஒரே மாதத்தில் வேலை கிடைப்பது இதனால்தான். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். மச்சு என்றால் மாடிதான். மாடித் தோட்டக்காரர்களுக்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது.

தார்ப்பாய் ஏன் கூடாது? காற்று புகாத தடுப்பில் மோதும் காற்று மேலே ஏறிக் கடந்து, மறுபுறம் சுழன்று இறங்கும். அந்தச் சுழலில்தான் கிளை ஒடிகிறது. போதாததற்குத் தார்ப்பாய் பாய்மரம் மாதிரி உப்பி, கட்டிய கம்பியோடு தொட்டியையும் இழுத்துக்கொண்டு போகும். பாதிக் காற்றை விட்டுப் பாதியைத் தடுக்கும் 50 சதவீதப் பச்சை வலையே சரியான தடுப்பு. அதன் உயரத்தைப்போல 5 முதல் 10 மடங்கு தூரம்வரை காற்றின் வேகம் குறையும். ஆறடி வலை போட்டால் 30 அடி நீள மாடிக்குத் தாராளம். நாலு பக்கமும் வேண்டாம். வடக்கு, கிழக்கு இரண்டு பக்கம் போதும்.

கைப்பிடிச் சுவர் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மூன்றடிச் சுவருக்குக் கீழே இருக்கும் செடி தப்பிக்கும். சுவருக்கு மேலே தலை நீட்டும் செடிதான் அதிகம் அடிபடும், சுவர் விளிம்பைத் தாண்டும் இடத்தில் காற்று வேகமெடுப்பதால். கத்தரியும் மிளகாயும் சுவரோரம் இருக்கட்டும். உயரமான கறிவேப்பிலை, பப்பாளித் தொட்டிகளை நாலைந்து அடி உள்ளே தள்ளிவிடுங்கள். சுவர்மேல் வைத்த தொட்டிகளை இன்றைக்கே இறக்குங்கள். அது செடிக்காகச் சொல்வதல்ல, கீழே நடப்பவர்களுக்காக.

வலை கட்டத் தளத்தில் ஓட்டை போட வேண்டாம். தட்டோட்டைத் துளைத்தால் அடுத்த ஐப்பசியில் உத்தரம் ஒழுகும். காலி 20 லிட்டர் பெயின்ட் வாளியில் ஓரங்குல ஜி.ஐ. பைப்பை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றினால், காய்ந்ததும் ஒவ்வொன்றும் 45 கிலோவுக்கு மேல் நிற்கும். பைப் எட்டடி நீளம் இருக்கட்டும், ஆறேழு அடிக்கு ஒன்று வையுங்கள். வலையின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் இரண்டாக மடித்து உள்ளே நைலான் கயிறு ஓட்டி, அந்த மடிப்பில்தான் கட்ட வேண்டும், ஒன்றரை அடிக்கு ஒரு கட்டு. வெறும் வலைக்கண்ணில் கேபிள் டை போட்டால் ஒரே வாரத்தில் கிழியும். தொய்வு இருக்கக் கூடாது. படபடவென்று அடித்துக்கொள்ளும் வலை தானும் கிழிந்து, பக்கத்துச் செடியின் குருத்தையும் அறுக்கும். அடியில் அரை அடி இடைவெளி விட்டால் சருகு அடைக்காது, மழைத் தண்ணீர் வழியும் மறிக்காது.

இனி இலை ஓரக் கருகல். இரண்டு காரணங்களால் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும், அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் மஞ்சளடிப்பு ஒன்றும் உண்டு, மருந்து மூன்றுக்கும் வேறு. செடியின் ஒரு பக்கம் மட்டும், அதுவும் வடகிழக்கைப் பார்த்த பக்கம் மட்டும் கருகினால் அது காற்று. வேர் உறிஞ்சுவதற்கு முன்னால் இலை தண்ணீரை இழந்துவிடுகிறது. வலையும் மண்மேல் சருகு பரப்பும் மூடாக்கும் போதும், எதையும் தெளிக்க வேண்டாம். எல்லாப் பக்கமும், முதிர்ந்த இலைகளில் தொடங்கிக் கருகி, மண்மேல் வெள்ளைப் பூச்சு இருந்தால் அது உப்பு. நம் பக்கம் போர்த் தண்ணீர் கடினமானது. காற்று நீரைக் கொண்டுபோய்விடும், உப்பு மட்டும் பையில் தங்கும். கருகல் இல்லாமல் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்புத் தண்ணீர் அதை வேருக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்திருக்கும்.

உப்புக்கு வழி, அலசிவிடுவது. பை எத்தனை லிட்டரோ அதைப்போல இரண்டு மடங்குத் தண்ணீரை அரை மணி நேரத்தில் மெதுவாக ஊற்றி, அடியில் வழிந்து ஓட விடுங்கள். மாதம் ஒரு முறை போதும். குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீரோ சேமித்த மழைத் தண்ணீரோ நல்லது. ஆர்.ஓ. எந்திரம் கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் உப்பு இன்னும் கூடுதல் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். இரும்புக்கு அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், லிட்டருக்கு 5 கிராம், அதோடு சிட்ரிக் ஆசிட் 1 கிராம். சாயங்காலம் இலையில் தெளித்து, பத்து நாள் கழித்து இன்னொரு முறை. டைல்ஸிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டால் துருக்கறை போகாது, பழைய சாக்கை விரித்துக்கொண்டு தெளியுங்கள். தண்ணீரின் உப்பைச் சரியாகத் தெரிந்துகொள்ள விரும்பினால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண், தண்ணீர்ப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கணக்கைவிட விரல்தான் நம்பகமானது. இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்றைக்கு வேண்டாம். பனி பெய்தது, மண் நனைந்திருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். பனி இலையைத்தான் நனைக்கும், வேருக்குப் போகாது. ஊற்றும் நேரம் காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள், காற்று கிளம்புவதற்கு முன்னால், வேரில் மட்டும். சாயங்காலம் இலைமேல் தெளித்தால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று பூஞ்சை நோயைக் கூப்பிடும். தென்னைநார்க் கழிவு போட்ட பைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் அது தண்ணீரை ஏற்காது. ஊற்றியது ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும், நீங்களும் நனைந்துவிட்டது என்று நினைப்பீர்கள். பையைத் தூக்கிப் பாருங்கள். எடை இல்லையென்றால் ஒரு டப்பில் தண்ணீர் பிடித்து, பையை அரை மணி நேரம் அதில் உட்கார வையுங்கள். அடியிலிருந்து ஊறும்.

மூடாக்குக்குக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. மாசியில் வேம்பும் புங்கனும் தெருவெல்லாம் இலை கொட்டும். இரண்டு அங்குலம் பரப்புங்கள், தண்டைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு. மல்லாட்டைத் தொலி, அதாவது வேர்க்கடலைத் தோல், கிடைத்தால் இன்னும் நல்லது, சருகு அளவுக்குக் காற்றில் பறக்காது. பறக்கிற சருகின்மேல் ஒரு கை மண் தூவிவிடுங்கள். மீந்த சருகை நாய்ப்பட்டிக்கோ கோழிக்கூண்டுக்கோ பக்கத்தில் குவிக்காதீர்கள். இந்தப் பாறை ஊரில் தேளுக்கும் பாம்புக்கும் அது மெத்தை.

கறிவேப்பிலை கொட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். குளிர் மாதத்தில் அது வளர்ச்சியை நிறுத்தி, கீழ் இலையை மஞ்சளாக்கி உதிர்க்கும். அப்போது உரம் வைத்துத் தண்ணீரையும் கூட்டுவதுதான் அதைக் கொல்கிறது, வேர் உறங்கும்போது ஈரம் நின்றால் அழுகும். தண்ணீரைக் குறையுங்கள். மாசிக் கடைசியில் வெயில் உறைத்ததும் நுனிகளை அரை அடி கிள்ளி, அதன் பிறகு தொழுவுரம் இரண்டு கை போடுங்கள். பங்குனியில் துளிர்க்கும். துளசியும் அப்படித்தான் சோர்ந்து நிற்கும். கதிர்களைக் கிள்ளிவிட்டால் போதும்.

மிளகாயில் இலை சுருண்டால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். இரண்டுமே வறண்ட காற்றில் பெருகும். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய காதி சோப்புக் கரைசல் கொஞ்சம், நாலு மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம் படும்படி, வாரம் ஒரு முறை மூன்று வாரம். சிலந்திப்பேனுக்கும் சாம்பல் நோய்க்கும் நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம். ஆனால் வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் இலையைச் சுடும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் அடித்தாலும் சுடும். மாசிப் பிற்பகுதியில் அதை மூட்டைகட்டி வைத்துவிடுங்கள். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் முதலில் எறும்பைப் பாருங்கள், அதுதான் தூக்கிக்கொண்டு வந்து காவலும் நிற்கிறது. குழாயில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதிலேயே பாதி போகும்.

வெட்டு வேலைக்கும் இதுதான் நேரம். முல்லையை ஜனவரிக் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள். குண்டு மல்லிக்குச் சரியான நேரம் நவம்பர் கடைசி. தவறவிட்டவர்கள் காய்ந்த குச்சியை மட்டும் நீக்கினால் போதும். மொட்டுக் கட்டும் நேரத்தில் ஒட்ட வெட்டினால் பூ தள்ளிப்போகும். முருங்கைக் கிளை காற்றுக்கு எளிதில் முறியும். கூரைக்கோ மின்கம்பிக்கோ மேலே நீளும் கிளையை இப்போதே இறக்குங்கள். வாழை இலை கிழிவது பார்க்கத்தான் பரிதாபம், செடிக்குப் பெரிய நஷ்டமில்லை. கிழிந்த இலையை வெட்டினால்தான் காய் இளைக்கும். குலை தள்ளிய வாழைக்கு மட்டும் காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறம், அதாவது தென்மேற்கில், சவுக்குக் கழி முட்டுக்கொடுத்து சாக்குத் துணியால் கட்டுங்கள். வெறும் கயிறு தண்டை அறுக்கும். மாமரம் இருந்தால் பூவெடுத்து, பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வரும்வரை அதிகம் தண்ணீர் விட வேண்டாம்.

தைப்பட்டத்துக்கு வெண்டை, சுரை, பீர்க்கு, வெள்ளரி, பூசணி போடலாம். விதையை நேரடியாகப் பையில் ஓரங்குல ஆழத்தில் ஊன்றி, முளைத்து நாலு இலை வரும்வரை வலையின் மறைவில் வையுங்கள். கொடிக்குக் கயிறு கட்டும்போது தொளதொளவென்று விடாதீர்கள். ஆடும் கயிற்றில் பற்றுக்கம்பி பிடிப்பதில்லை. கத்தரி வைக்க ஆசையென்றால் நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரி இருக்கிறது, 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. நாற்று நட்டு மறுநாளே அரை அடி தள்ளி ஒரு குச்சி ஊன்றி எட்டுப் போட்ட மாதிரி தளர்வாகக் கட்டுங்கள். காற்றில் ஆடும் நாற்று வேர் பிடிக்காது.

தோட்டமும் பிராணியும் முட்டிக்கொள்ளும் இடம் உரமூட்டை. ஆமணக்குப் புண்ணாக்கை நாய் இருக்கும் வீட்டில் வைக்கவே கூடாது. வாசனைக்குத் தோண்டித் தின்னும், அதில் இருக்கும் ரிசின் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தொடங்கவே பல மணி நேரம் ஆகும், அதற்குள் உள்ளே வேலை முடிந்திருக்கும். வேப்பம் புண்ணாக்கைப் போடுங்கள், பைக்கு ஐம்பது கிராம். எலும்புத்தூள் நஞ்சு இல்லை, ஆனால் நாயைத் தோண்ட வைக்கும். காற்று இன்னொரு வேலையும் செய்கிறது, அரளிப் பூவையும் இலையையும் கொண்டுபோய் நாயின் தண்ணீர்க் கிண்ணத்தில் போடும். அரளி இதயத்தைத் தாக்கும் நஞ்சு, அது ஊறிய தண்ணீரும் ஆபத்து. கிண்ணத்தைத் திண்ணைக்குள் வைத்து தினமும் இரண்டு முறை மாற்றுங்கள்.

நாய்க்கு வருவோம். பெரிய நாய்க்கு நம் ஊர்ப் பனி ஒரு பொருட்டே இல்லை. சிமென்ட் தரையின் சில்லிப்பும் காற்றின் ஓட்டமும்தான் படுத்தும், அதிலும் வயதான நாயின் மூட்டுகளை. நாலு அங்குலம் உயர்த்திய பலகை, அதன்மேல் கோணிச் சாக்கு இரண்டு மடிப்பு. பட்டியின் வாசல் தெற்கையோ மேற்கையோ பார்க்கட்டும். குளியல் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, பதினொரு மணிக்கு மேல் வெதுவெதுப்பான தண்ணீரில், உடனே துடைத்து வெயிலில் விடுங்கள். வறண்ட காற்றில் வாராவாரம் சோப்புப் போட்டால் தோல் செதிலாக உதிரும், அதைச் சொறி என்று நினைத்து மருந்து தேடுவீர்கள். பாதம் வெடித்தால் தேங்காய் எண்ணெய் போதும். கற்பூரம் கலந்த தைலம் எதையும் நாய்க்கோ பூனைக்கோ தடவாதீர்கள், நக்கிவிடும்.

குட்டிகள் வேறு கதை. பிறந்து மூன்று வாரம்வரை தன் உடம்பின் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அவற்றுக்கு வராது. முதல் வாரம் படுக்கைப் பக்கம் 29 முதல் 32 டிகிரி வேண்டும். ஒரு அடி உயர அட்டைப்பெட்டி, உள்ளே பருத்தித் துணி, ஒரு மூலையில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிய பாட்டில். மறு மூலை குளிர்ச்சியாகவே இருக்கட்டும், சூடு கூடினால் ஊர்ந்து போக இடம் வேண்டும். ஒரு குட்டி தனியாகக் கிடந்து சில்லென்று இருந்தால் உடனே பால் ஊற்றக் கூடாது. குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது, பால் நுரையீரலுக்குப் போகும் அபாயமும் உண்டு. முதலில் உங்கள் உடம்போடு அணைத்து, அரை மணி, ஒரு மணி நேரம் எடுத்து மெதுவாகச் சூடேற்றி, அது வாயைச் சப்பத் தொடங்கியதும் தாயிடம் விடுங்கள். பசும்பால் கழிச்சல் கொடுக்கும். தினமும் சமையலறைத் தராசில் எடை பாருங்கள், கூடாத குட்டிதான் முதலில் கவனிக்க வேண்டியது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம்வரை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதம்.

வெயில் ஏற ஏற உண்ணி பெருகும். நாயின்மேல் இருப்பது கொஞ்சம்தான், மீதி சுவர் விரிசலிலும் பட்டியின் இடுக்கிலும் முட்டையோடு கிடக்கும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் இரண்டு வாரத்தில் மறுபடி வரும். விரிசலை வெள்ளைச் சிமென்டால் அடைத்து, சாக்கை வெந்நீரில் அலசி, மூன்று வாரம் கழித்து இன்னொரு சுற்று செய்ய வேண்டும். காய்ச்சல், சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம் என்று வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 பாரன்ஹீட், 103ஐத் தாண்டினால்தான் காய்ச்சல். மூக்கைத் தொட்டுப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், காற்றில் எந்த நாயின் மூக்கும் காய்ந்துதான் இருக்கும்.

பூனை வீட்டில் இருக்கும்போது ஒரு எச்சரிக்கை. நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து பூனைக்கு எமன். உடம்பு நடுங்கி, எச்சில் ஒழுகி வலிப்பு வரும். மருந்து போட்ட நாயோடு அது ஒட்டிப் படுத்தாலும் ஆகாது. பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். குளிர் விடியலில் பூனை காரின் எஞ்சின் பக்கம் ஏறிச் சுருண்டிருக்கும், கிளப்புவதற்கு முன் பானட்டை இரண்டு தட்டு தட்டுங்கள்.

குஞ்சுகள் சாகும் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் பல்பைப் பாருங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் கொடுக்கும், சூடு கொடுக்காது. குஞ்சுக்கு வேண்டியது பழைய குண்டு பல்பு, குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்க வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சே சொல்லும். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், பல்பைத் தாழ்த்துங்கள். ஓரத்துக்குப் போய் வாய் பிளந்தால் சூடு, உயர்த்துங்கள். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது, ஓட்டையைத் தேடுங்கள். பரவலாகப் படுத்திருந்தால் தொடாதீர்கள். சுற்றி ஒன்றரை அடி உயர அட்டைத் தடுப்பு, தரையில் மூன்று அங்குலம் உமி, முதல் மூன்று நாள் உமியின்மேல் நெளிவு அட்டை. செய்தித்தாள் வழுக்கிக் கால் விரிந்துவிடும். கரி அடுப்பை மூடிய அறையில் வைக்கவே கூடாது, அதன் நஞ்சுப் புகைக்கு வாசனை கிடையாது. தாய்க்கோழியோடு விட்ட குஞ்சுக்குப் பல்பே வேண்டாம், காற்றில்லாத மூலை போதும்.

பெரிய கோழியின் கூண்டில் சாக்குத் திரையைக் கீழிருந்து கோழி உட்காரும் உயரம்வரை கட்டி, மேலே ஓரடி திறந்தே விடுங்கள். முழுக்க மூடினால் எச்சத்தின் அம்மோனியா கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும், நீங்கள் அதைச் சளி என்று நினைத்து இன்னும் இறுக்கி மூடுவீர்கள். காலையில் கூண்டுக்குள் தலையை விட்டுப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் அதற்கும் எரியும்.

இந்தப் பருவத்தில் கூண்டைக் காலி செய்வது வெள்ளைக்கழிச்சல். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைப் பிளந்து, கழுத்தை முறுக்கும். வந்தபின் மருந்தில்லை, தடுப்பூசிதான். குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா என்ற தடுப்பு மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கைக்குக் கீழே ஆர்.டி.வி.கே. ஊசி அரை மில்லி. கால்நடை பராமரிப்புத் துறை பொதுவாகப் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்தும், பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டு வையுங்கள். கடையில் வாங்குவதானால் ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மருந்து இருக்கும், கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். அதனால் தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரே காலையில் போடுவது லாபம். ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுங்கள், சோர்ந்த கோழிக்குப் போடாதீர்கள். பொய்கைச் சந்தையோ வேறு எந்தச் சந்தையோ, புதிதாக வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியாக அடைத்துப் பார்த்துவிட்டே மற்றவற்றோடு விட வேண்டும். செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள், சாக்கடையில் எறிய வேண்டாம்.

லவ் பேர்ட்ஸ் கூண்டுக்கு மூன்று பக்கம் துணி, ஒரு பக்கம் திறப்பு. ஜன்னலுக்கும் கதவுக்கும் நேர்க்கோட்டில் வைக்காதீர்கள். குளிரைவிடப் புகையே அவற்றைக் கொல்லும். அடுத்த போகி விடியலில் தெருவில் டயர் எரியும் முன்பே கூண்டை உள்ளறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். நான்ஸ்டிக் தோசைக்கல் காலியாகக் காய்ந்து புகைந்தால் பக்கத்து அறைப் பறவைகூட நிமிடங்களில் விழும். யாராவது பச்சைக்கிளிக் குஞ்சு கொண்டுவந்து கொடுத்தால் வாங்க வேண்டாம். அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

மாடியில் மீன் தொட்டியோ அல்லித் தொட்டியோ இருந்தால் விழும் சருகை அன்றன்றைக்கு எடுங்கள், அழுகினால் மீனுக்கு மூச்சு முட்டும். விடியலில் தீவனம் போடாதீர்கள், தண்ணீர் சூடாகும் பத்து மணிக்கு மேல் போடுங்கள். தண்ணீர் மாற்றுவதும் ஒரு தடவைக்குக் கால் பங்குதான்.

வலையை எப்போது கழற்றுவது? பங்குனியில் சாயங்காலக் காற்று தெற்குப் பக்கம் திரும்பியதும் வடகிழக்கு வலைக்கு வேலை இல்லை. அதைக் கழற்றி மடித்து வைக்க வேண்டாம். அதே பைப்புகளை நகர்த்தி, அதே வலையை மேற்குப் பக்கமும் தலைக்கு மேலும் கட்டினால் சித்திரை வெயிலுக்கு நிழல் வலையாகிவிடும். கட்டு மட்டும் புதிதாகப் போடுங்கள். மூன்று மாத வெயிலில் நைலான் கயிறு பார்க்க நன்றாகவே இருக்கும், கையால் முறுக்கி இழுத்தால் இற்றுப் பொடியாகும்.